26 இல் விடுவதா, 30 ஐக் குறிவைப்பதா: ட்ராக் நாளுக்கு இலகு எடைக் காரின் டயர்களில் காற்று வைக்கும் வழிகள்

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் நாளுக்கு முதல்நாள் மாலையில் நண்பர்களிடமிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: “அண்ணா, நாளைக்கு எவ்வளவு காத்து அடிச்சிட்டு வாறது?” கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை. நானும் தொடக்கத்தில் ஓர் எண்ணையே சொல்லி வந்தேன். ஆனால் எந்த வெப்பநிலையில் அளந்த எண் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளில்லை என்பதும், எடை கூடிய கார்களுக்குச் சரியாக இருக்கும் எண் இலகு எடைக் காருக்குப் பொருந்தாது என்பதும், சில சோடி டயர்கள் தேய்ந்து தீர்ந்த பின்னரே எனக்கு விளங்கின. ஆகவே, நம்மவர்களிடையே வழக்கில் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை யார் எப்போது தெரிவு செய்வது நல்லது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்ளும் கார் மஸ்டாவின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. 1989 இல் வெளிவந்த இந்தக் கார் யப்பானில் இயூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. எடை 1,000 கிலோகிராமுக்கும் குறைவு. டயரின் அளவு 185/60 ஆர்14. தயாரிப்பாளர் சொல்லும் காற்றமுக்கம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவாக 26 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அலகு). கிலோபஸ்கால் கணக்கில் அது 180. யப்பானிலிருந்து வந்த கார்களில் காற்றமுக்கத்தைச் சொல்லும் ஒட்டிகளில் பிஎஸ்ஐ எழுதப்பட்டிராததால், கொழும்பில் இந்தக் கார் வைத்திருக்கும் பலருக்கு அந்த எண்ணே தெரியாது. பெற்றோல் செட்டில் காற்றடிக்கும் தம்பியும் எல்லாக் கார்களுக்கும் வைப்பதுபோல் 30 அல்லது 32 வைத்து அனுப்பிவிடுவார். வீதியில் அதனால் பெரிய கேடு இல்லை. தடத்தில் அது முழு நாளையும் கெடுத்துவிடும்.

ஏன் கெடுக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். மூடிய கொள்கலத்தில் உள்ள காற்றின் தனி அமுக்கம் (வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்தது) அதன் தனி வெப்பநிலையோடு (செல்சியஸோடு 273 ஐக் கூட்டிய கெல்வின் கணக்கு) நேர்விகிதத்தில் ஏறும் என்று பாடசாலையில் படித்ததுதான் இங்கும் நடக்கிறது. டயரின் கனவளவு சொற்பமாகவே மாறுகிறது. அமுக்கமானி காட்டும் 26 உடன் வளிமண்டல அமுக்கமான 14.7 ஐக் கூட்டினால் 40.7. காலையில் 30 பாகை செல்சியஸில் இருந்த அந்தக் காற்று, தடத்தில் சில வேகமான சுற்றுகளுக்குப் பின் 80 பாகையை எட்டினால், 303 கெல்வின் 353 ஆகிறது, 40.7 ஏறத்தாழ 47.4 ஆகிறது, வளிமண்டலத்தைக் கழித்தால் அமுக்கமானியில் 32.7 தெரியும். செட்டில் 30 வைத்துக்கொண்டு வந்தவரின் டயரில் அதே வெப்பநிலையில் 37 ஐத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 1.3 பிஎஸ்ஐ ஏறுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

அடுத்து எடை. 185/60 ஆர்14 டயரின் பக்கச் சுவரில் பொதுவாகக் காணப்படும் 82 என்ற சுமைக் குறியெண், அந்த டயர் 475 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1,040 கிலோகிராம் என்று வைத்தால் ஒரு டயரில் நிற்பது 260 தான். கடுமையான வளைவில் எடை வெளிப்பக்கம் சாயும்போதும், இந்தக் காரின் ஈர்ப்புமையம் அரை மீற்றருக்குக் குறைவான உயரத்தில் இருப்பதால், வெளிப்பக்க முன் டயரில் 400 கிலோகிராம் அளவில்தான் விழும். அதாவது உச்ச நெருக்கடியிலும் டயர் தன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு செடான் காரில் டயர் மடிந்துவிடாமல் தாங்க 36, 38 பிஎஸ்ஐ தேவைப்படலாம். அதே அமுக்கத்தை இலகு எடைக் காருக்கு வைத்தால், டயரை அமுக்கித் தரையில் பரப்பப் போதிய சுமை இல்லாததால், அது நடுப்பகுதியில் மட்டும் நின்று வழுக்கும். தடத்தில் அனுபவம் மிக்கவர்கள் சொல்லும் ஆலோசனைகளில் பெரும்பகுதி கனமான கார்களில் பெற்ற அனுபவம். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, ஒட்டியில் உள்ள 26 ஐக் காலையில் வைத்துவிட்டு நாள் முழுவதும் கைவைக்காமல் ஓட்டுவது. இதை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. முதன்முறை தடத்துக்கு வருபவர் டயரை 80 பாகைக்குச் சூடாக்குமளவு ஓட்டப்போவதில்லை. வளைவின் கோடு, பிறேக் பிடிக்கும் இடம், பின்னால் வருபவருக்கு வழிவிடும் ஒழுங்கு என்று அவர் கற்க வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன. 26 இல் தொடங்கி 31, 32 வரை ஏறினால் கார் சற்று முன்கூட்டியே வழுக்கத் தொடங்கும். அதுவும் மெதுவாக, முன்னறிவித்துத் தொடங்கும். பழகுபவருக்கு அது தீங்கில்லை. வீடு திரும்பும்போது எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் ஓட்டம் கைவந்தபின் இந்த வழியில் நிற்பவர், மூன்றாவது நான்காவது சுற்றிலிருந்து கார் ஏன் மாறிப்போகிறது என்று தெரியாமல் சஸ்பென்ஷனில் குறை தேடத் தொடங்குவார். சஸ்பென்ஷன் காலையில் இருந்தபடியேதான் இருக்கும், ஏறியிருப்பது காற்றமுக்கம்.

இரண்டாவது வழி, ஒட்டியில் உள்ள எண்ணிலிருந்து ஒரு நிலையான அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு போவது. “மூன்றைக் கழித்துவிடு” என்பது நம்மிடையே வாய்மொழியாகப் புழங்கும் அளவு. எளிது, நினைவில் நிற்கும், பல நாள்களில் சரியாகவும் அமையும். இதன் குறை, தொடக்க வெப்பநிலை எப்போதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதுதான். வெள்ளவத்தையில் விடிகாலை 5 மணிக்கு ஒழுங்கைக்குள் நிற்கும் காரின் டயர் 26 பாகையில் இருக்கும். அதே டயரை நண்பகலில் வெயிலில் நின்ற நிலையில் அளந்தால் கறுப்பு இரப்பர் 45 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். இரண்டு அளவைகளுக்கும் இடையே, ஒரு துளிக் காற்றும் வெளியேறாமலே, ஏறத்தாழ 2.5 பிஎஸ்ஐ வேறுபாடு வந்துவிடுகிறது. கழிக்கும் மூன்றில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் வெயில் படும்படி நிறுத்திய காரில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு எண்களைக் காட்டுவதும் இதனால்தான். அதைக் கண்டு உடனே சமப்படுத்த முற்பட்டால் நிழலில் நின்ற டயருக்கு வேண்டாத காற்றை அடித்தவர்களாவோம்.

கொழும்பிலிருந்து போவோருக்கு இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. களுத்துறைக்கு அப்பால் உள்ள கட்டுகுருந்த ஓடுபாதைக்கு, அதாவது இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை வானூர்தித் தளமாக அமைத்து, பிற்காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த அந்த இடத்துக்கு, காரை ஓட்டிக்கொண்டே போனால் 40 கிலோமீற்றருக்கு மேல். போய்ச் சேரும்போது டயர் சூடாக இருக்கும். குளிர்ந்த அமுக்கம் என்றால் கார் குறைந்தது மூன்று மணிநேரம் அசையாமல் நின்றபின் அளப்பது. ஆகவே அந்த அளவை வீட்டு வாசலிலேயே, புறப்படுமுன், சொந்த அமுக்கமானியால் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். போய் இறங்கியதும் அளந்து 29 இருக்கிறதே என்று மூன்றைத் திறந்துவிடுபவர், உண்மையில் 26 ஐ அல்ல, 23 ஐ வைத்துக்கொண்டு தொடங்குகிறார். அதற்கு மேலும் மூன்றைக் கழித்தால் 20 க்கு வந்துவிடுவார்.

மூன்றாவது வழிதான் நான் பரிந்துரைப்பது: குளிர்ந்த எண்ணை மறந்துவிட்டு, சூடான எண்ணை இலக்காக வைப்பது. டயர் வேலை செய்யும் நேரத்தில், அதாவது வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே எவ்வளவு அமுக்கம் இருக்கிறது என்பதுதான் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது. காலையில் வீட்டு வாசலில் இருந்த எண் அந்த இலக்கை அடைவதற்கான தொடக்கப் புள்ளி மட்டுமே. இந்த எடையில், நல்ல தரமான வீதி டயர்களுக்கு, சூட்டில் 30 என்பதை முதல் இலக்காக வைத்துத் தொடங்கலாம். 28 முதல் 32 வரையான எல்லைக்குள் உங்கள் டயருக்கு உகந்த இடம் பெரும்பாலும் அமைந்துவிடும். தவாளிப்பு மிகக் குறைந்த அரை ஸ்லிக் வகை டயர்களுக்கு அவற்றைச் செய்தவர்கள் தரும் சூடான அமுக்க அளவை முதலில் பின்பற்றுங்கள்; அவற்றின் பக்கச் சுவர் விறைப்பு வேறு.

செய்யும் முறை இதுதான். 30 ஐ 80 பாகையில் பெற வேண்டுமானால், முன்சொன்ன கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், 30 பாகையில் 24 அளவில் தொடங்க வேண்டும் என்று வரும். முதல்முறை செல்பவர் அதைவிடச் சற்றுக் கூட, 25 இல் தொடங்குவது நல்லது. தடத்தில் காற்றைத் திறந்துவிடுவது எளிது, அடிப்பது சிரமம். முதல் ஓட்டத்தில் இரண்டு சுற்று மெதுவாகவும், அடுத்த நான்கைந்து சுற்று உண்மையான வேகத்திலும் ஓட்டி, ஆறவிடும் சுற்றை நீட்டிக்காமல் உள்ளே வாருங்கள். காரை நிறுத்தியதும் முதல் வேலை அளப்பது. தலைக்கவசத்தைக் கழற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பிறகு. இரண்டு மூன்று நிமிடம் தாமதித்தால் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கிவிடும். அந்த எண்ணை நம்பிச் செய்வதெல்லாம் தவறாகிவிடும். நான்கு டயர்களையும் எப்போதும் ஒரே ஒழுங்கில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாக அளக்கும் டயர் ஒவ்வொரு முறையும் வேறாகி, வேறுபாடு டயரினதா தாமதத்தினதா என்று பிரித்தறிய முடியாது. நான் எப்போதும் சுமை கூடிய வெளிப்பக்க முன் டயரிலிருந்து தொடங்குவேன்.

அளந்தபின் நான்கையும் இலக்குக்கு இறக்குங்கள். வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடேறி இரண்டு மூன்று பிஎஸ்ஐ மேலே நிற்கும். அவற்றை இறக்கியபின், கார் மீண்டும் ஆறும்போது இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். அது பிழையல்ல; அப்படித்தான் இருக்க வேண்டும். இடைவேளைக்குப் பின் ஆறிய நிலையில் அளந்து, வேறுபாட்டைக் கண்டு பதறி, காற்றடித்துச் சமப்படுத்தியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஓட்டத்துக்குப் பின் இன்னும் ஒரு பிஎஸ்ஐ அளவு திருத்த வேண்டி வரலாம். நண்பகல் ஏற ஏறத் தடத்தின் தார் கொதிப்பதால் மூன்றாவது ஓட்டத்திலும் சிறிது. அதன்பின் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

எண் இலக்கில் நிற்கிறது என்பதற்காக அதுதான் சரியான இலக்கு என்று ஆகிவிடாது. டயரே அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். பக்கச் சுவரின் மேல் விளிம்பில், தேய்மான அளவுகோல் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு முக்கோணக் குறிகள் பல டயர்களில் உண்டு. வெண்கட்டியால் அந்த இடத்தில், தரை தொடும் பரப்பிலிருந்து பக்கச் சுவர்வரை ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டி வாருங்கள். கோடு முக்கோணத்தின் நுனியளவு அழிந்திருந்தால் டயர் தன் முழு அகலத்தையும் பயன்படுத்தியிருக்கிறது. அதற்குக் கீழேயும் அழிந்திருந்தால் பக்கச் சுவர் மடிந்து தரையில் உரசியிருக்கிறது, அமுக்கம் போதாது. முக்கோணத்தை எட்டவே இல்லையென்றால் அமுக்கம் கூட. இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புவோர் ஊசி முனையுள்ள வெப்பமானியை இரப்பருக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் செருகி, உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடங்களில் அளப்பார்கள். நடுப்பகுதி இரு ஓரங்களின் சராசரியைவிடச் சூடாக இருந்தால் காற்று கூட. குளிர்ந்திருந்தால் காற்று குறைவு. தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே காட்டும், அது நொடிக்கு நொடி மாறும். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல அமுக்கமானி ஒன்று வாங்கலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. வெளியோரம் மட்டும் கூடுதலாகச் சூடேறித் தேய்ந்தால், காற்று குறைவு என்று முடிவுகட்டி ஏற்றிவிடுவது இயல்பு. ஆனால் உள்ளோரம் குளிர்ந்தும் வெளியோரம் கொதித்தும் இருந்தால், குறை கேம்பர் கோணத்தில், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவில், இருக்கிறது. எம்எக்ஸ்-5 இன் நான்கு சில்லுகளிலும் இரட்டை விஷ்போன் அமைப்பு (சில்லை மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்) இருப்பதால், நல்ல வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில், சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்படி, கேம்பரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கோணத்தின் குறையைக் காற்றால் சரிசெய்ய முனைபவர், வெளியோரத்தைக் காக்க நடுப்பகுதியின் பிடிமானத்தை விட்டுக்கொடுக்கிறார்.

நான்காவதாகச் சொல்லப்படும் வழி, டயர் மடியாமல் இருக்கக் காற்றை வேண்டுமென்றே கூட்டி, 34, 36 என்று வைத்துச் செல்வது. ஸ்டியரிங் கூர்மையாக உணரப்படும் என்பது உண்மை. முதல் சுற்றில் அது பிடித்துப்போகும். மெல்லிய பக்கச் சுவருள்ள சாதாரண டயர்களில், கனமான முன்சில்லு இயக்கக் காரில், இதற்கு ஓர் இடம் உண்டு. 1,000 கிலோகிராமுக்குக் குறைந்த காரில் இதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றிக் கேட்பவர்கள், முதலில் தம் காரின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5 இல் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரிவதால் ஒரே இலக்கோடு தொடங்கலாம். லோட்டஸ் எலீஸ் போன்ற நடு எஞ்சின் காரில் எடையின் ஐந்தில் மூன்று பங்கு பின்னால் நிற்கிறது. அதன் பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமானவை. தயாரிப்பாளரே பின்னுக்குக் கூடுதல் அமுக்கம் தருகிறார். அந்த வேறுபாட்டைத் தடத்திலும் பேணிக்கொள்ளுங்கள். நான்கையும் சமமாக்கினால் பின்புறம் எதிர்பாராத நேரத்தில் வெளியே போகும். சமநிலையைத் திருத்த விரும்பினால் ஒரு முனையில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள். அரை பிஎஸ்ஐ கூட இலகு எடைக் காரில் கையில் உணரப்படும்.

சாதாரணக் காற்றா, நைதரசனா என்ற கேள்விக்கு நான் சற்று நேரம் செலவிட விரும்புகிறேன். கொழும்பின் ஈரப்பதத்தில் இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. நைதரசன் சூட்டில் குறைவாக விரியும் என்று டயர் கடைகளில் சொல்வது சரியல்ல. காற்றில் 78 வீதம் நைதரசன்தான். உலர்ந்த காற்றும் உலர்ந்த நைதரசனும் மேலே போட்ட கணக்கின்படி ஒரே அளவில் ஏறும். வேறுபாட்டை உண்டாக்குவது தண்ணீர். ஒருமுறை ஒரு கடையில் காற்றடித்துக்கொண்டு போன நாளில் வலப்பக்கப் பின் டயர் மட்டும் மற்றவற்றைவிட நான்கு பிஎஸ்ஐ கூட ஏறியது. பிறேக் ஒட்டுகிறதோ என்று பார்த்தோம், இல்லை. கடைசியில் வால்வின் ஊசியை அமுக்கிக் காற்றை உள்ளங்கையில் படவிட்டபோது, இளஞ்சூடான ஈரப்புகை போல ஒன்று வந்து கையில் துளித்துளியாகப் படிந்தது. அந்தக் கடையின் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தேங்கிய நீர் குழாய் வழியே டயருக்குள் போயிருக்கிறது.

நீர் ஏன் இவ்வளவு செய்கிறது என்பதும் கணக்கில் தெரிகிறது. 30 பாகையில் நீராவியின் நிரம்பல் அமுக்கம், அதாவது அந்தச் சூட்டில் அது எட்டக்கூடிய உச்சம், 0.6 பிஎஸ்ஐ அளவு. 80 பாகையில் அது ஏறத்தாழ 6.9. டயருக்குள் திரவமாக நீர் இருந்தால், சூடேற ஏற அது ஆவியாகி, காற்றின் இயல்பான ஏற்றத்துக்கு மேலாக 6 பிஎஸ்ஐ வரை சேர்க்க முடியும். சுமார் 25 லீற்றர் கனவளவுள்ள டயருக்கு அதற்கு வேண்டிய நீர் ஏழு, எட்டுக் கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி. கொழும்பின் ஈரக்காற்று மட்டும், நீர் தெறிக்காமல், உள்ளே போனால் அதனால் கூடுவது ஒரு பிஎஸ்ஐ அளவுதான். ஆகவே பயப்பட வேண்டியது காற்றின் ஈரத்துக்கு அல்ல, கம்ப்ரசர் தொட்டியின் நீருக்கு. தொட்டியை நாள்தோறும் வடிக்கும் கராஜ் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அல்லது காலால் மிதிக்கும் பம்பு, சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் சிறு கம்ப்ரசர் போதும். நைதரசன்தான் வேண்டும் என்பவர், டயரில் ஏற்கெனவே உள்ளதை முழுதாக இறக்கி, மீண்டும் நிரப்பி, மீண்டும் இறக்கி என்று இரண்டு மூன்று முறை செய்விக்க வேண்டும். ஒருமுறை இறக்கினாலும் டயருக்குள் வளிமண்டல அளவுக் காற்று, அதாவது பழையதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எஞ்சிவிடுகிறது. திரவ நீரும் எங்கும் போய்விடாது.

மழையில் இந்த வழிகளின் ஒப்பீடு தலைகீழாகிறது. தென்மேற்குப் பருவத்திலும், ஐப்பசி கார்த்திகையில் பிற்பகல் இடிமழையிலும், தடம் நனைந்தால் டயர் சூடேறாது. 24 இல் தொடங்கியவர் 26 ஐத் தாண்டமாட்டார். அமுக்கம் குறைந்த டயர் நீரின்மேல் விரைவில் மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் வானூர்தி டயர்களை வைத்து வகுத்த விதி, மிதக்கத் தொடங்கும் வேகம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்கிறது. அதன்படி 22 பிஎஸ்ஐக்கு மணிக்கு 78 கிலோமீற்றர், 30 க்கு 91. தவாளிப்பு ஆழமாக உள்ள கார் டயருக்கு எண்கள் வேறாகலாம், ஆனால் போக்கு ஒன்றே. நீர் தேங்கும் தட்டையான ஓடுபாதையில் 13 கிலோமீற்றர் என்பது பெரிய வேறுபாடு. ஆகவே மழை நாளில் தொடக்கத்திலேயே 28 வைத்து, இலக்கை 30 இலேயே விட்டுவிடுங்கள். சூடான எண் அதேதான். தொடக்க எண் மட்டும் மாறுகிறது.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றம் போன்ற குறுகிய ஓட்டத்துக்கும் இதே நியாயம். டயர் சூடேறுமுன் ஓட்டம் முடிந்துவிடுவதால், சூட்டில் ஏறும் என்று எண்ணிக் குறைத்து வைத்துப் பயனில்லை. வேண்டிய எண்ணுக்கு அருகிலேயே தொடங்க வேண்டும். கொழும்பில் வைத்த காற்று அங்கே வேறு எண் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவதால் அமுக்கமானி கூடக் காட்டும். குளிர் அதில் இரண்டை மீட்டுக்கொள்ளும். அங்கே போய், இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் அளந்து வைப்பதே சரி.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் அமுக்கமானி ஒன்றாகவே இருக்கட்டும். செட்டில் உள்ளதும் நண்பருடையதும் உங்களுடையதும் ஒரே டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வேறுபடலாம். உங்களுடையது ஒரு பிஎஸ்ஐ பிழையாகக் காட்டினாலும், எப்போதும் அதே பிழையைக் காட்டினால் போதும். அரை பிஎஸ்ஐ பிரிவுகளும் காற்றைத் திறந்துவிடும் பொத்தானும் உள்ளதாக வாங்குங்கள். வால்வு மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் சிறு உணரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணைக் காட்டுவதால், எந்தச் சுற்றில் அமுக்கம் இலக்கைத் தாண்டுகிறது என்று அறிய உதவும். கையால் அளப்பதற்கு அவை மாற்று அல்ல. குளிர்ந்த நிலையில் 22 க்குக் கீழே நான் எந்தக் காரணத்துக்காகவும் போவதில்லை. அதற்குக் கீழே, முதல் சுற்றில் டயர் இன்னும் ஆறியிருக்கும்போது, ஓரம் ரிம்மிலிருந்து நழுவக்கூடும் என்ற அச்சத்தை நான் கடந்ததில்லை, கடக்கவும் விரும்பவில்லை.

மூன்றாவது வழியின் உண்மையான விலை வீடு திரும்பும்போதுதான் தெரியும். ஒருமுறை, முற்பகல் முழுவதும் பொறுமையாக 28 க்கு இறக்கி வைத்த டயர்களோடு, களைப்பில் அப்படியே மழைக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை அளந்தபோது முன் டயர் இரண்டிலும் 21 அளவில்தான் இருந்தது. கணக்குப் போட்டால் அது எதிர்பார்க்க வேண்டிய எண்ணேதான். 80 பாகையில் 28 ஆக இருந்தது 26 பாகையில் 21.5. அந்த நிலையில் தொடங்கொடவில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, நனைந்த தாரில், மணிக்கு 100 கிலோமீற்றரில் வந்திருக்கிறேன். அன்றிலிருந்து மிதி பம்பை ஆசனத்துக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறேன். கடைசி ஓட்டம் முடிந்து ஒரு மணிநேரம், மற்றவர்கள் பொருள்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, காரை நிழலில் விட்டு, தொட்டுப் பார்த்தால் கை சுடாத நிலைக்கு வந்தபின், நான்குக்கும் 29 அளவுக்கு ஏற்றுவேன். மிச்சமிருக்கும் சூடும் இறங்கினால் அது 26 ஐ ஒட்டி வந்து நிற்கும். மறுநாள் விடிய, காரை அசைக்குமுன், நான்கையும் அளந்து அந்தத் தடத்தின் பெயர், அன்றைய வெயில், தொடங்கிய எண், சூட்டில் கண்ட எண் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எழுதிவைப்பேன். அடுத்த முறை யாராவது அழைத்துக் கேட்டால், அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.